அவசரம் என்றொரு சொல்

திருவனந்தபுரத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மேடை. மலையாளத்தில் பேசியவரை உடனுக்குடன் தமிழில் சொல்வது என் வேலை. "யுவாக்கள்க்கு அவசரம் கொடுக்கணம்" என்றார். "இளைஞர்களை அவசரப்படுத்த வேண்டும்" என்றேன். மலையாளம் தெரிந்த பாதி அரங்கு சிரித்த பிறகுதான் உறைத்தது. அங்கே அவசரம் என்றால் வாய்ப்பு. புத்தகமாக இருந்தால் அச்சுக்குப் போகுமுன் அகராதியைப் புரட்டியிருப்பேன். மேடையில் ஏது அகராதி!

கணினியிலும் இந்த இரு வகை உண்டு. சி மொழியில் எழுதிய கோப்புகளைக் கம்பைலர் மாற்றிக் கொடுத்ததும் லிங்கர் என்ற கணக்குப்பிள்ளை வருவார். நிரல் கூப்பிடும் ஒவ்வொரு பெயருக்கும் ஆள் இருக்கிறதா என்று சரிபார்ப்பார். ஒரு பெயர் குறைந்தாலும் நிரல் தயாராகாது. கேரளப் பள்ளிகளில் கற்பிக்கும் பைத்தானில் இப்படித் தனி லிங்கர் கிடையாது. ஒரு வரி ஓடும் கணத்தில்தான் அதிலுள்ள பெயரைத் தேடும். மார்ச் 31 இரவு மட்டும் ஓடுகிற வரியில் பிழை இருந்தால், அந்த இரவில்தான் குட்டு வெளிப்படும்.

அதற்காக லிங்கரைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டாம். சி மொழியில் அவர் பார்ப்பது பெயரை மட்டும்தான். ஒரு கோப்பில் முழு எண் கேட்கும் 'அவசரம்' என்ற செயல்கூறு இருக்கிறது. இன்னொரு கோப்பு அது தசம எண் கேட்பதாகத் தவறாக அறிவித்துக் கூப்பிடுகிறது. லிங்கர் பெரும்பாலும் வாயே திறக்காமல் இணைத்துவிடுவார். என் கதையேதான்.

இதில் உரிமச் சிக்கலும் உண்டு. 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இதே ஊரில்தான் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். ஜிபிஎல் உரிமம் உள்ள நூலகத்தோடு ஒரு நிரலை இணைத்து வெளியிட்டால், மொத்தமும் அதே உரிமத்தில் வர வேண்டும் என்பது அவர்கள் கட்சி. அப்படியானால், லிங்கரே தொடாத நிரல் இணைந்ததா, இல்லையா? அமெரிக்கச் சகோதர அமைப்பு தரும் விளக்கம் இது: இன்டர்பிரட்டர் வெறுமனே வாசித்து ஓட்டினால் நிரல் அதற்குத் தரவு மட்டுமே, இன்டர்பிரட்டரின் உரிமம் நிரலைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் வழியாக ஜிபிஎல் நூலகத்தைக் கூப்பிட்டால், ஓடும்போது நடந்தாலும் அது இணைப்புதான். வக்கீல்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை.

என் பேச்சுக்கு வருகிறேன். மறுவாரம் அதையே கட்டுரையாகத் தமிழாக்கித் தந்தேன். அதில் 'வாய்ப்பு' என்று சரியாகவே இருக்கிறது. அரங்கில் சிரித்தவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.