சொற்பட்டியல் போதாது, ஆசிரியர் வேண்டும்!

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டப்புறங்களில் உயர்தர வகுப்பில் பயிலும் நம் பிள்ளைகளின் காதில் ஒரு போதனை ஓதப்படுகின்றது. "பொது ஆங்கிலப் பாடத்தின் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கிடப்படுவதில்லை, ஆகவே அதைப் பொருட்படுத்த வேண்டா" என்பதே அப்போதனை. இதன் முற்பாதி உண்மை; இசட் புள்ளியில் அப்பாடம் சேராது. பிற்பாதியோ நஞ்சு!

ஏன் நஞ்சு என்கின்றோம்? மருத்துவமும் பொறியியலும் விஞ்ஞானமும் இந்நாட்டின் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்திலேயே போதிக்கப்படுகின்றன. பதின்மூன்று ஆண்டுகள் தமிழிற் கற்று, தமிழில் எழுதி, தமிழில் வென்ற பிள்ளை, அனுமதிக் கடிதத்தோடு உள்ளே சென்றதும் ஊமையாகின்றது. வாயிலிற் கேளாத வரியை உள்ளே அழைத்துச் சென்று வட்டியோடு அறவிடுகின்றார்கள். வீட்டிலே நூல்களும் செய்தித்தாள்களும் சூழ வளர்ந்த நகரத்துப் பிள்ளை அவ்வரியை எளிதிற் செலுத்திவிடும். இறக்குவானையிலும் காவத்தையிலும் யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் லயன் அறையிற் படித்த பிள்ளை எதைக் கொண்டு செலுத்தும்?

ஆங்கிலம் தோட்டத்துக்குப் புதிய மொழியன்று. வெள்ளைத்துரை காலத்திலேயே அது மலையேறி வந்துவிட்டது. ஆனால் எந்தச் சொற்களோடு வந்தது? பிரட்டு, லயன், செக்ரோல், கிளாக்கர்! ஏவுவதற்கும் எண்ணுவதற்கும் வேண்டிய சொற்கள் மட்டும் தொழிலாளியின் நாவுக்குத் தாராளமாக வழங்கப்பட்டன. அறிவதற்கும் ஆராய்வதற்கும் எதிர்த்து வாதிடுவதற்கும் வேண்டிய சொற்கள் பங்களாவின் படியைத் தாண்டி இறங்கவேயில்லை.

இது தற்செயலா? 1945இல் இலவசக் கல்வி வந்தது என்று நாடு பெருமை பேசுகின்றது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களில்தான். இடையில் 1948ஆம் ஆண்டின் சட்டம் நம் மக்களை நாடற்றவராக்கியது; அந்தக் கறையைத் துடைக்க 2003ஆம் ஆண்டுவரை சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது. ஒரு தலைமுறைக்கு மேலாகப் பின்னே நிறுத்தப்பட்ட பிள்ளையை மற்றவரோடு ஒரே கோட்டில் நிறுத்தி, "ஓடு" என்பது நீதியாகுமா?

மாவட்ட ஒதுக்கீடு இருக்கின்றதே என்பார் சிலர். கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இரத்தினபுரி உண்டு, கேகாலை இல்லை. அங்ஙனம் உள்ள இரத்தினபுரியிலும் ஒதுக்கீடு மாவட்டத்துக்கே அன்றித் தோட்டத்துக்கு அன்று. மேலும், ஒதுக்கீடு இடம் தரலாம், சொல் தராது!

இந்த ஏக்கத்தை அறிந்தே, ஆயிரம் சொற்கள், மூவாயிரம் சொற்கள் என்று பட்டியல் அச்சிட்டு விற்கும் வணிகர் புறப்பட்டிருக்கின்றனர். வேரற்ற கிளைகளை மண்ணில் நட்டால் எத்தனை நாள் பசுமை காட்டும்? மனப்பாடம் செய்த சொல் பரீட்சை முடிந்த மாலையே உதிர்ந்துவிடும். சொல்லை வேரோடு கற்பிக்க வேண்டும். பாடத்தோடு கற்பிக்க வேண்டும்.

அதற்குரிய ஏணி தமிழிலேயே இருக்கின்றது. 'ஒளித்தொகுப்பு' என்பதை நம் பிள்ளை அறியும். 'போட்டோ' என்பது ஒளி. 'சிந்தெசிஸ்' என்பது தொகுப்பு. 'வெப்பமானி'யில் 'தேர்மோ' வெப்பம், 'மீற்றர்' மானி. தேயிலைப் பெட்டியின் மேல் 'எக்ஸ்போர்ட்' என்று அச்சிட்டிருக்கக் காண்கின்றோம். 'போர்ட்' என்னும் வேருக்குச் சுமத்தல் என்று பொருள். வெளியே சுமந்து செல்வது ஏற்றுமதி. உள்ளே சுமந்து வருவது இறக்குமதி. அப்பாற் கொண்டு சேர்ப்பது 'டிரான்ஸ்போர்ட்'. கொழுந்துக் கூடை சுமக்கும் தாயின் பிள்ளைக்கு இந்த வேரை விளக்க அதிக நேரம் வேண்டுமா? அரசகரும மொழித் திணைக்களம் முன்னாளில் வெளியிட்ட சொற்றொகுதிகளில் ஆங்கிலமும் தமிழும் அருகருகே நின்றன. அத்தகைய நூல் ஒவ்வோர் உயர்தர மாணவர் கையிலும் இருத்தல் வேண்டும்.

ஆங்கிலம் கேட்பது தமிழுக்குத் துரோகம் என்று கூச்சலிடுவோருக்கு ஒன்று கூறுவோம். தமிழுக்குப் பதிலாக ஆங்கிலம் கேட்கவில்லை. தமிழின்மேல் நின்று ஆங்கிலம் கேட்கின்றோம். அவ்வாறு மேடையில் முழங்குவோரிற் பலர் தம் பிள்ளைகளை எம்மொழியிற் படிக்க வைக்கின்றனர் என்பதையும் மக்கள் அறிவார்கள்.

அரசுக்கு நம் கோரிக்கை தெளிவானது. சப்ரகமுவவில் உயர்தர வகுப்புள்ள ஒவ்வொரு தமிழ்ப் பாடசாலைக்கும் பயிற்றப்பட்ட ஆங்கில ஆசிரியரை நியமியுங்கள். பொது ஆங்கிலத்துக்குரிய பாடவேளையை வேறு பாடத்துக்குத் தாரைவார்க்க இடமளியாதீர்கள். பல்கலைக்கழகத் தொடக்கத்திற் சில வாரம் நடத்தும் பயிற்சி, பதின்மூன்று ஆண்டுக் குறையை நிரப்பாது.

நம்மவர்க்கும் கடமை உண்டு. தோட்டத்திற் பிறந்து இன்று வைத்தியராகவும் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் விளங்கும் அன்பர்களே, மாதம் ஒரு சனிக்கிழமையை நீங்கள் பிறந்த தோட்டத்துக்குக் கொடுங்கள். மண்ணை நம்பி வாழும் விவசாயப் பெருமக்களே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, "ஆங்கில ஆசிரியர் எங்கே?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை அமராதீர்கள். சந்தா வாங்கும் தொழிற்சங்கங்களே, அச்சந்தாவில் எத்தனை சதம் நூல்நிலையத்துக்குச் சென்றது என்று தொழிலாளிக்குக் கணக்குக் காட்டுங்கள்.

பலாங்கொடைக்கு அப்பால், பெலிஹுல் ஓயாவில், இம்மாகாணத்தின் பெயரையே தாங்கிப் பல்கலைக்கழகம் நிற்கின்றது. அதன் கதவு நம் பிள்ளைக்குத் திறந்தால் மட்டும் போதாது; உள்ளே நம் பிள்ளை வாய்திறக்கவும் வேண்டும். அந்தச் சொல்லுரிமையை எவரும் தானமாகத் தரப்போவதில்லை. கேட்போம்; உழைப்போம்; பெறுவோம்!