ஊமையான பெட்டி

உத்தியோக நிமித்தம் ஜப்பானில் சில காலம் வசித்த நமது சிற்றப்பா, 1987-ம் வருஷம் ஊர் திரும்பியபோது ஒரு காம்பாக்ட் டிஸ்க் பெட்டியைக் கொண்டுவந்தார். அவ்வகைப் பெட்டிகள் அதே ஜப்பானில் 1982 அக்டோபரில்தான் முதன்முதல் விற்பனைக்கு வந்திருந்தன. ஊசியின் கரகரப்பு இல்லாமல் தட்டுப் பாடும் அதிசயத்தைக் காணத் தெருவே திரண்டு வந்தது. வயோதிகம் வந்ததும், "நீயே வைத்துக்கொள், நான் வரும்போது ஒரு பாட்டுப் போடு, போதும்" என்று அதை நம்மிடம் ஒப்புவித்தார்.

இந்த நவராத்திரிக்கு அவர் வருவதாகத் தகவல் வந்தது. பெட்டியைத் தூசி தட்டி, சுவரில் செருகி, விசையை அமுக்கினோம். விளக்கு ஒரு கணம் பளிச்சென்று எரிந்தது. உள்ளே ஒரு முனகல். அப்புறம் மூச்சுப் பேச்சு இல்லை.

இத்தகைய சமயத்தில் நம்மவர் செய்வது இரண்டு. ஒன்று, பெட்டியின் தலையில் தட்டுவது. மற்றது, பழைய சாமான்காரரைக் கூப்பிடுவது. தமக்கை மகன் மூன்றாவது யோசனை ஒன்று சொன்னான்: "ப்யூஸ்தான் மாமா. ஒரு செப்புக் கம்பியைச் சுற்றிவிட்டால் ஓடும்." நல்ல வேளையாக அவன் கையைப் பிடித்துக்கொண்டோம். ப்யூஸ் என்பது வீட்டு வாசற்காவலன். அவன் விழுந்து கிடந்தால், யார் அடித்தார்கள் என்றல்லவா முதலில் விசாரிக்க வேண்டும்? அவனிடத்தில் தடித்த கம்பியை நிறுத்தினால், அடுத்தபடி எரிவது பெட்டியோ வீடோ, சொல்ல முடியாது.

விசாரணையைச் சுவரிலிருந்து தொடங்கினோம். அதே துவாரத்தில் மேஜை விளக்கைச் செருகினோம்; எரிந்தது. பிறகு செருகியைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தே மூடியைத் திறந்தோம். விசையை அணைத்தது மட்டும் போதாது. சில பெட்டிகளில் விசை டிரான்ஸ்பார்மருக்கு அப்பால் இருப்பதால், அணைத்த பிறகும் ப்யூஸ் வரையில் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். மல்டிமீட்டரால் சோதித்ததில் கம்பி நலம், ப்யூஸும் நலம்! ஆனால் டிரான்ஸ்பார்மரின் முதற்சுற்றில் தொடர்பே இல்லை.

அப்போதுதான் பெட்டியின் முதுகில் இருந்த எழுத்தைப் படித்தோம்: 100 வோல்ட். ஜப்பானிய வீடுகளுக்கு உரிய அளவு அது. நமது சுவரில் வருவதோ 230. இத்தனை வருஷமும் இடையே ஒரு ஸ்டெப்-டவுன் பெட்டி இருந்தது. அது பரணிலேயே இருந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஓமின் விதியைப் போதிக்கும் நாமே செய்த காரியம் இது.

ரிச்சித் தெருவில் ஒரு முதிய மெக்கானிக்கிடம் கொண்டு போனோம். அவர் சிரிக்கவில்லை; அது அவருடைய பெருந்தன்மை. டிரான்ஸ்பார்மரின் காகித உறையைக் கீறி, சுருளோடு ஒட்டிக் கிடந்த சிறு வெப்ப ப்யூஸைக் காட்டினார். சுருள் அளவு மீறிச் சுட்டால் அது ஒரேயடியாக அறுந்து, சுருளைக் காப்பாற்றிவிடும். அதே வெப்ப அளவுள்ள புதியது ஒன்றை வைத்தார். ஈயம் பற்றவைக்கும் சூட்டிலேயே அது போய்விடக்கூடுமாதலால், காலைக் குறடால் கவ்விச் சூட்டை வாங்கிக்கொண்டு வேலை செய்தார். தலை உப்பியிருந்த ஒரு கெபாசிட்டரையும் மாற்றினார். பிறகு ஒரு குண்டு பல்பைத் தொடரில் இணைத்து, ஸ்டெப்-டவுன் வழியாக மின்சாரம் விட்டார். உள்ளே எங்கேனும் குறுக்குத் தொடர்பு இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். அதன் பின்னால் பெட்டி பிழைத்துக்கொள்ளும். பல்ப் மங்கலாகவே நின்றது. பெட்டியின் விளக்கு எரிந்தது!

ஆனால் தட்டு வைக்கும் இழுப்பறை வெளியே வரவில்லை. இத்தனை வருஷத்தில் ரப்பர் பெல்ட் பாகாக இளகிப் போயிருந்தது. அதற்கு இன்னும் அரைமணி.

சரஸ்வதி பூஜையன்று சிற்றப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒரு தட்டு முழுவதும் கேட்டார். "ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கிறாயே!" என்றார். நாம் வாய் திறக்கவில்லை. இந்தப் பத்திரிகையை அவருக்கு வாராவாரம் பேத்தி படித்துக் காட்டுவது வழக்கம். ஆகையால் இந்நேரம் தெரிந்திருக்கும்.