பட்டம் யாருக்கு வேண்டாம்?

சமீப காலமாக நம் நாட்டில் ஒரு புதிய உபதேசம் கிளம்பி இருக்கின்றது. அதாவது, காலேஜில் நான்கு வருஷம் இருந்து இன்ஜினீயரிங் படிப்பதும், கடைசியில் பட்டம் என்று ஒரு காகிதம் வாங்குவதும் வீண் வேலை என்றும், கைத்திறன் ஒன்று இருந்தால் போதும் என்றும் சொல்லப்படுகின்றது. இந்த உபதேசம் தென்காசி ஜில்லாவில் சற்றுப் பலமாகவே காதில் விழுகின்றது. அதற்குக் காரணமும் உண்டு.

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை கிராமத்தில் ஜோஹோ என்ற கம்பெனி 2011ஆம் ஆண்டு முதல் கம்ப்யூட்டர் வேலை நடத்தி வருகின்றது. பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளைப் பணம் கேட்காமல் சேர்த்து, மாதந்தோறும் உதவித் தொகையும் கொடுத்துப் பழக்கி, பட்டம் இல்லாமலே வேலையும் கொடுக்கின்றது. இதை நாம் குறை கூற வரவில்லை. பட்டணத்துக்கு ஓட வேண்டியிருந்த பிள்ளைகளுக்கு ஊரிலேயே வேலை கிடைப்பது சந்தோஷப்பட வேண்டிய காரியமே. ஆனால், ஒரு கம்பெனி தன் தேவைக்குச் செய்துகொள்ளும் ஏற்பாட்டை ஒரு ஜில்லாவுக்கே வழியென்று சொல்லலாமா என்பதுதான் நம் கேள்வி. அக்கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான திரு. ஸ்ரீதர் வேம்பு அவர்களே 1989ல் சென்னை ஐ.ஐ.டி.யில் இன்ஜினீயரிங் பட்டமும், 1994ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டமும் பெற்றவர் என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

பட்டத்தின் மதிப்பு என்னவென்று அறிய வேண்டுமானால் சரித்திரத்தைப் பார்த்தால் போதும். கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ் 1794ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1859ல் சிவில் இன்ஜினீயரிங் காலேஜாக ஆயிற்று. வெகு காலம் அதன் வாசல் சாதாரண ஜனங்களுக்கு எட்டாததாகவே இருந்தது. பிறகு வகுப்புவாரி உத்தரவு வந்தது. 1950ல் அது இருந்த நிலையில், காலேஜில் சேர்க்கும் 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிட்டிருந்தது. இதை எதிர்த்து அவ்வாண்டிலேயே ஐகோர்ட்டில் இரண்டு வழக்குகள் போடப்பட்டன. ஒன்று மெடிக்கல் காலேஜ் இடத்துக்காக. மற்றொன்று இன்ஜினீயரிங் காலேஜ் இடத்துக்காக. 1951ல் சுப்ரீம் கோர்ட்டும் உத்தரவு செல்லாது என்றது. அதன் பேரில் நடந்த கிளர்ச்சியின் பலனாக அதே ஆண்டில் அரசியல் சட்டமே முதன் முதலாகத் திருத்தப்பட்டது.

பட்டம் வெறும் காகிதம் என்றால், அந்தக் காகிதத்துக்காகச் சுப்ரீம் கோர்ட்டு வரை போவானேன்? அதைக் காப்பாற்ற அரசியல் சட்டத்தைத் திருத்துவானேன்?

1953ல் ஆச்சாரியார் ஆட்சியில், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடத்திலும் மீதி நேரம் தகப்பன் தொழிலிலும் இருக்கலாம் என்று ஒரு திட்டம் வந்ததும், ஜனங்கள் அதைக் குலக்கல்வி என்று கண்டித்து 1954ல் ஒழித்ததும் எல்லோரும் அறிந்ததே. அன்றைக்கும் கைத்தொழிலின் பெருமைதான் பேசப்பட்டது!

பின்பு கதவு சிறிது சிறிதாகவே திறந்தது. 1981ல் திருநெல்வேலியில் சர்க்கார் இன்ஜினீயரிங் காலேஜ் ஏற்பட்டது. 1984ல் வந்த நுழைவுத் தேர்வு, டியூஷன் வைக்க வசதியுள்ள பட்டணத்தாருக்கே சாதகமாயிருந்ததால், 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. 2010ல், குடும்பத்தில் முதன் முதல் பட்டம் படிக்க வருகின்றவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2021ல் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்ஜினீயரிங் முதலிய படிப்புகளில் 100க்கு 7.5 இடம் ஒதுக்கப்பட்டது. ஆலங்குளத்திலும் கடையத்திலும் பீடி சுற்றும் தாய்மார்களின் பிள்ளைகள் இப்பொழுதுதான் உள்ளே நுழைகிறார்கள். இந்தச் சமயம் பார்த்து, “உள்ளே ஒன்றும் இல்லை, திரும்பிப் போங்கள்” என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்?

இன்ஜினீயரிங் படிப்பில் அப்படி என்னதான் இருக்கின்றது என்று சிலர் கேட்கலாம். குற்றாலத்துச் சாரல் நமக்குத் தெரியும். அந்தச் சாரலைக் கொண்டுவரும் தென்மேற்குப் பருவக் காற்றுதான் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து, கிழக்கே உள்ள காற்றாலைகளைச் சுற்றச் செய்கின்றது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்காகும். ஆலையில் போல்ட்டு முடுக்குகிறவனுக்கு இது தெரியாவிட்டாலும் கூலி கிடைத்துவிடும். ஆலையை எந்த இடத்தில், எத்தனை அடி உயரத்தில் நிறுத்துவது என்று தீர்மானிக்கிறவனுக்கோ இது தெரிந்தே தீர வேண்டும். நம் நிலத்தில் நிற்கும் ஆலைக்கு முடுக்குகிறவன் நம்மூரானாகவும், தீர்மானிக்கிறவன் எப்போதும் வெளியூரானாகவுமே இருக்க வேண்டுமா? இயந்திரம் மாறினால் பழைய கைப்பழக்கம் பயனற்றுப் போகும். கணக்கும் பௌதிகமும் கற்றவனோ புதிய இயந்திரத்தையும் கற்றுக்கொள்வான்.

பட்டம் பெற்றும் வேலையில்லாதவர்கள் இருக்கிறார்களே என்றால், இருக்கிறார்கள்தான். போதிய ஆசிரியரும் சோதனைச் சாலையும் இல்லாமல் கட்டடத்தை மாத்திரம் காட்டிப் பணம் வாங்கும் காலேஜ்களும் இருக்கின்றன. அதற்குப் பரிகாரம் நல்ல காலேஜைக் கேட்பதா, படிப்பையே விடுவதா? வைத்தியர் சரியில்லை என்றால் வைத்தியமே வேண்டாம் என்பார் உண்டோ? தமிழில் படித்து வந்த பிள்ளை முதல் வருஷத்தில் அரியர் வைத்தால், அது பெரும்பாலும் இங்கிலீஷ் பாஷையின் தொல்லையே ஒழிய மூளைக் குறைவல்ல. அண்ணா சர்வகலாசாலை 2010ல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழிலும் தொடங்கியதன் காரணமும் இதுவே.

பெண்கள் விஷயத்தில் இந்த உபதேசம் இன்னும் ஆபத்தானது. பையனுக்கே பட்டம் வேண்டாம் என்றால் பெண்ணுக்கு எதற்கு என்று வீட்டிலேயே வைத்து விடுவார்கள். சிறு வயதில் விதவையாகி, குழந்தையும் கையுமாக நின்ற ஏ. லலிதா 1940ல் கிண்டியில் எலக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் படிக்கச் சேர்ந்து இன்ஜினீயர் ஆனார். குற்றாலத்தில் கோவில் தேவஸ்தானத்தின் சார்பிலேயே 1964ல் பெண்களுக்கென்று கலைக் கல்லூரி ஏற்பட்டது. அப்படியிருக்க இன்ஜினீயரிங் என்றதும் மாத்திரம் பெண்ணைப் பெற்றவர்கள் தயங்குவது நியாயமாகாது.

ஆகவே தென்காசி ஜில்லாப் பெற்றோர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுதான். காலேஜின் விளம்பரத்தைப் பாராமல் அதன் ஆசிரியர்களையும், சோதனைச் சாலையையும், பரீட்சை முடிவையும் பாருங்கள். நிலத்தை விற்று நன்கொடை கொடுக்காதீர்கள். கட்டணச் சலுகை உங்கள் உரிமை, அதைக் கேட்டு வாங்குங்கள். பட்டம் வேண்டாம் என்று யார் வந்து சொன்னாலும், அவர் வீட்டுப் பிள்ளை எங்கே படிக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். அதற்கு வரும் பதிலைக் கேட்ட பிறகு உங்கள் பிள்ளையைப் பற்றி முடிவு செய்யுங்கள்.