வலையேற்றம் எடுபிடி வேலையா?

இணையத்தில் இதழ் நடத்தும் இலக்கியவாதிகளிடையே ஒரு வினோதமான வருணப் பிரிவினை நிலவுகிறது. எழுதுவதும் படைப்புகளைத் தேர்வதும் மேலான பணிகளாம். பக்கங்களைக் கோப்புகளாக்கி வழங்கியில் ஏற்றுவது 'கம்ப்யூட்டர் தெரிந்த பையன்' செய்யவேண்டிய எடுபிடி வேலையாம். இந்த மனோபாவம் நம் இலக்கியத்துக்கு விளைவித்துவரும் கேட்டை இனியும் பேசாதிருப்பது நியாயமல்ல என்று கருதுகிறோம்.

அந்தப் பையன் வேலை மாறிப் போகும்போது கடவுச்சொல்லும் அவனோடு போய்விடுகிறது. களப்பெயருக்கான ஆண்டுக் கட்டணம் கட்டுவாரின்றிக் காலாவதியாகிறது. பல்லாண்டு உழைப்பில் சேர்ந்த கதைகளும் விவாதங்களும் ஒரே நாளில் மறைகின்றன. ஆசிரியரிடம் பிரதி கேட்டால், 'நெட்டில்தான் இருந்ததே' என்கிறார். அச்சிதழ் நின்றுபோனாலும் எங்கோ ஒரு வாசகர் வீட்டுப் பரணில் ஒரு பிரதி எஞ்சும். வழங்கியில் மட்டுமே இருந்ததற்குப் பரண் ஏது?

'இலவசத் தளங்கள் இருக்கையில் இந்தத் தொல்லை எதற்கு?' என்று கேட்பவர்கள் ஜியோசிட்டீஸை நினைவுகூர வேண்டும். 1999இல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபரில் இழுத்து மூடியது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. முன்னறிவிப்பு தரப்பட்டது உண்மை. ஜியோசிட்டீஸ் பக்கங்களில் ஒரு பகுதியை இன்டர்நெட் ஆர்க்கைவும் தன்னார்வலர்களும் காப்பாற்றினார்கள் என்பதும் உண்மையே. ஆனால், தம் கணினியில் கோப்புகளை வைத்திருந்தவர் வேறொரு வழங்கியில் அவற்றை ஏற்றிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கலாம். மற்றவர் பிறர் தயவையே நம்பியிருக்க வேண்டும்.

'தொழில்நுட்பம் எங்களுக்கு வராது' என்பது அடுத்த சாக்கு. ஃபைல்ஸில்லா போன்ற இலவச மென்பொருளில் இடப்பக்கம் நம் கணினி, வலப்பக்கம் வழங்கி. கோப்புகளை இழுத்துவிட்டால் ஏறிவிடும். பழைய எஃப்டிபி முறை கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021இல் அதைக் கைவிட்டன. அதற்குப் பதில் எஸ்எஃப்டிபியைத் தெரிவுசெய்தால் போதும். லினக்ஸ் வழங்கி கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகக் கொள்ளும்; விண்டோஸ் கணினியில் ஒழுங்காகத் திறந்த பக்கம் அங்கே திறக்காமல் போவதற்குப் பல சமயம் இதுவே காரணம். கோப்பை யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் சேமித்து, பக்கத்தின் தலைப்பகுதியில் அதை அறிவிக்காவிட்டால் தமிழ் குப்பையாகத் தெரியக்கூடும். ஒற்றுப்பிழை பார்க்கும் பொறுமை உள்ளவருக்கு இவை எட்டாத வித்தைகள் அல்ல.

1959 முதல் 1970 வரை 'எழுத்து' நடத்திய சி.சு. செல்லப்பா, புத்தக மூட்டையைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். அது இலக்கியத்துக்குப் புறம்பான வேலை என்று அவர் ஒதுங்கவில்லை. அவரை மேடைதோறும் புகழ்கிறவர்களுக்குச் சில கோப்புகளைச் சுமக்க வலிப்பதேன்?

வழங்கியும் நிரந்தரமன்று; கட்டணம் நின்றால் அதுவும் போகும். ஆகவே நாங்கள் கேட்பது எளியது. ஒவ்வோர் இதழையும் ஏற்றும் முன் அதன் கோப்புகள் இரண்டு இடங்களில் இருக்கட்டும். கடவுச்சொல் இருவரிடம் இருக்கட்டும். அதில் ஒருவர் ஆசிரியராக இருக்கட்டும். படைப்பை நம்பித் தந்த எழுத்தாளருக்கு ஓர் ஆசிரியர் செய்யவேண்டிய குறைந்தபட்சக் கடமை இது. இதற்கும் மனமில்லாதவர்கள் புதிதாக இதழ் தொடங்காதிருப்பதே நல்லது.