காக்கும் கைக்குச் சான்று வேண்டும்!

கல்லைச் செதுக்கிக் கருவியாக்கிய கற்கால மனிதனின் கைவண்ணம், ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022-ஆம் ஆண்டு அகழாய்வில் வெளிப்பட்டது. அன்று கல், இன்று இரும்பு! அந்த மண்ணைச் சூழ்ந்து ஆலைகள் எழுந்துள்ளன. இரவென்றும் பகலென்றும் பாராமல் உழைக்கும் கை இயந்திரத்தில் சிக்கினால், முதலில் ஓடி வருபவர் யார்? மருத்துவரல்ல; பக்கத்தில் நிற்கும் பாட்டாளிதான்!

அன்போடுதான் ஓடி வருகிறார். அன்பு மட்டும் உயிர் காக்குமா? மின்சாரம் தாக்கியவரை, இணைப்பைத் துண்டிக்காமல் தொட்டால் வீழ்வது ஒருவரல்ல, இருவர்! துண்டான விரலை நேரே பனிக்கட்டியில் போட்டால் கெடும். தூய துணியில் சுற்றி, உறையிலிட்டு, அந்த உறையைத்தான் பனிக்கட்டிமேல் வைக்க வேண்டும். இதயம் நின்றவருக்கு நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். இவை பரிவால் மட்டும் வருவன அல்ல, பயிற்சியால் வருவன!

சட்டம் இதை அறியாததல்ல. முதலுதவிப் பெட்டிக்குப் பொறுப்பாளர் சான்று பெற்றவராக இருக்க வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். 500 பேருக்கு மேல் உழைக்கும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்றது. 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமும் அந்த அறையைக் கைவிடவில்லை. ஆனால், பெட்டி சுவரில் தொங்கினால் போதுமா? இரவு ஷிப்டில் அதைத் திறக்கத் தெரிந்த கை இருக்கிறதா? ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அந்தப் பயிற்சி உண்டா? ஆலைதோறும் கேளுங்கள், தோழர்களே!

ஆலை வாயிலுக்கு வெளியே, அடுத்து வரும் கை 108 ஊர்தியினுடையது. 2008 செப்டம்பர் 15 அன்று தமிழகத்தில் தொடங்கிய பணி அது. அதில் மருத்துவ உதவியாளராகத் தேர்வு பெறுவோருக்கு வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் ஊர்தியிலுமாக ஏறத்தாழ 50 நாள் பயிற்சி தரப்படுகிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் அவசர சிகிச்சை நுட்புநருக்கு ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு உண்டு. 2021-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், இவர்களை மருத்துவம் சார்ந்த தொழிலினராக ஏற்று, பதிவேட்டுக்கும் வழி வகுத்தது. இவர்கள் வெறும் ஸ்ட்ரெச்சர் தூக்கிகளல்லர். கற்றுத் தேர்ந்த தொழிலினர்!

இந்தக் கல்வி நம் பாட்டாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு எட்ட வேண்டும். ஒரகடம் வட்டாரத்திலேயே பயிற்சி நிலையம் வேண்டும்; பயிலும் நாளில் உதவித்தொகை வேண்டும்; பயிற்சிக்குச் செல்லும் தொழிலாளிக்குக் கூலி குறையக்கூடாது. தொழிற்சங்கங்கள் போனஸ் கேட்கும் மேசையிலேயே இதையும் கேட்கட்டும்.

இயந்திரத்தை இயக்கத் தேர்ச்சி கேட்கும் ஆலை, இயக்குபவர் உயிரைக் காக்கத் தேர்ச்சி கேட்காதா? கேட்க வைப்போம்!