கள்ளும் சொல்லும்

'பன்னாடை' என்ற வசைச் சொல் புழங்காத வீடு நம்மிடையே அபூர்வம். மல்லி வாங்கச் சொன்னால் மஞ்சளோடு வந்து நிற்கும் பையன் பன்னாடை. தாசில்தார் அலுவலகத்தில் மனுவைத் தொலைத்த குமாஸ்தா பன்னாடை. மாப்பிள்ளைகூடப் பன்னாடைதான், ஆனால் அவர் ரயிலேறிப் போன பிறகு! இப்படித் தாராளமாக வழங்குகிறவர்களைப் பிடித்து, "அது என்ன பொருள், ஐயா?" என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள்.

பன்னாடை என்பது வசையாகப் பிறந்த சொல் அல்ல. பனையும் தென்னையும் தம் மட்டையின் அடியில் தாமே நெய்துகொள்ளும் ஆடை அது. குறுக்கும் நெடுக்குமாக இழையோடிய, சாக்குத் துணி போன்ற நார்வலை. மரமேறி இறங்கியவர் கலயத்துக் கள்ளை இதில் ஊற்றித்தான் வடிகட்டுவார். விழுந்து செத்த ஈ, எறும்பு, பாளைத் தூசு எல்லாம் மேலே தங்கிவிடும். கீழே இறங்குவது கள்.

இது திட்டாக எப்படி மாறியது? மாணாக்கர்களில் கடைத்தரமானவர் யார் என்று சொல்ல வந்த நன்னூலார், வேறு சில உவமைகளோடு நெய்யரியையும் சேர்த்தார். நெய்யரி என்பது பன்னாடையே. சாரத்தை விட்டுவிட்டுச் சக்கையைப் பிடித்துக்கொள்ளும் மாணவன் என்பது கருத்து. உவமை அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது வடிகட்டியின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்தவரின் உவமை. கீழே கலயத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்குப் பன்னாடையைப் போல உண்மையான வேலைக்காரன் வேறு யார்? அழுக்கைத் தான் வாங்கிக்கொண்டு தெளிவை நமக்குத் தருகிறதே! வேலை செய்தவனுக்கு வசை, குடித்தவனுக்குக் களிப்பு என்று ஆகிவிட்டது.

நான் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் மாவட்டத்தின் ஓர் ஊரில் இலக்கியக் கூட்டம். பேச வந்தவர் நன்கு படித்த பேராசிரியர். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டை எடுத்துக்கொண்டார். குரல் தழுதழுக்கத்தான் பேசினார். ஆனால் அந்தப் பாட்டில் 'கள்' என்று வருமிடத்திலெல்லாம் 'தேன்' என்று பொருள் சொல்லிக்கொண்டே போனார். கூட்டம் முடிந்ததும் அருகே சென்று கேட்டேன். "பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற சபையிலே ஔவை கள் உண்டாள் என்று சொல்லச் சொல்கிறீர்களா? தமிழுக்கே இழுக்கல்லவா?" என்று என்னைக் கடிந்துகொண்டார்.

அன்று அவர் தம் உரையை 'மகிழ்ச்சி' என்ற சொல்லோடு ஆரம்பித்து, 'களிப்பு' என்ற சொல்லோடு முடித்திருந்தார். இரண்டும் கலயத்தைச் சேர்ந்தவை என்று யாராவது அந்த மேடையிலேயே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாரோ தெரியாது.

களிப்பு, கள்ளோடு உடன்பிறந்த சொல். களித்தல் என்றால் முதலில் கள்ளுண்டு மயங்குதல். பிறகுதான் எல்லா இன்பத்துக்கும் அது பொதுவாயிற்று. மகிழ்தலும் பழைய இலக்கியத்தில் கள்ளின் மயக்கத்தையும் மனத்தின் இன்பத்தையும் சேர்த்தே குறிக்கும். வள்ளுவரைப் பாருங்கள். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கிச் சாடியவர் அவர். அவரே காமத்துப்பாலில், நினைத்த மாத்திரத்தில் களிப்பதும் கண்ட மாத்திரத்தில் மகிழ்வதும் காதலுக்கு உண்டு, கள்ளுக்கு இல்லை என்கிறார். இரண்டு சொற்களுக்கும் உரிய வீடு எது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வீட்டிலிருந்து அவற்றைக் காதலின் வீட்டுக்கு அழைத்து வருகிறார். குடியை வெறுத்தாரே தவிரச் சொல்லை வெறுக்கவில்லை. நம் பேராசிரியர் வள்ளுவரை விடவும் ஒழுக்கசீலரா?

கள்ளைக் குறிக்கும் பழஞ்சொற்களை வரிசையாகப் படித்தால் ஒரு தொழிற்சாலைக்குள் நடப்பது போலிருக்கிறது. பிழிந்தது பிழி. அரித்தெடுத்தது அரியல். வண்டல் கீழே தங்க, மேலே தெளிந்து நின்றது தேறல். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அரிசிக் கள் வடிக்கும் முறையையே சொல்லி வைத்திருக்கிறார். அரிசிக் கூழை வாயகன்ற பாத்திரத்தில் ஆற வைக்கிறார்கள். கறையான் புற்றின் குரும்பி போலிருக்கும் அடையை அதில் கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளைய விட்டு, விரலால் அலைத்து அரித்தெடுக்கிறார்கள். 'விளைய' என்ற சொல்லைக் கவனியுங்கள். வயலில் நெல்லுக்கு நடப்பதும் சாடியில் கள்ளுக்கு நடப்பதும் அந்தக் காலத் தமிழனுக்கு ஒரே காரியம். இப்படி ஒரு சமையல் குறிப்பை அரசனைப் பாடும் பாட்டுக்குள் வைக்கப் புலவருக்குக் கூச்சமில்லை.

தேறலைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அது 'தேறு' என்ற வினையில் பிறந்தது. தேறுவதென்றால் தெளிவது. பரீட்சையில் பையன் தேறுவதும், ஜுரத்திலிருந்து நோயாளி தேறுவதும், துக்க வீட்டில் நாம் தேறுதல் சொல்வதும் அந்த வினையே. கலக்கம் அடங்கித் தெளிவு மேலே வரும் வேலை நான்கு இடத்திலும் ஒன்றுதான். மாணவன் தேறலாம், தேறல் மட்டும் கூடாதாம்!

இந்தக் கூச்சம் மற்ற நாட்டாருக்கு இல்லை. பல்கலைக்கழகங்களில் 'சிம்போசியம்' நடத்துகிறார்கள். அழைப்பிதழ் எனக்கும் வருவதுண்டு. அந்தக் கிரேக்கச் சொல்லுக்குக் 'கூடிக் குடித்தல்' என்பது பொருள். விருந்து முடிந்து மதுக் கிண்ணத்தோடு சாய்ந்தபடி அவர்கள் தத்துவம் பேசினார்கள். பிளேட்டோவின் ஒரு நூலுக்கு அதுவே பெயர். பட்டம் பெற்ற பெரியவர்கள் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு அதற்குள் நுழைகிறார்கள், யாரும் வெட்கப்படுவதில்லை. வடமொழி 'மது', தேனும் ஆகும், கள்ளும் ஆகும். ஆங்கிலத்தில் தேன்கள்ளைக் குறிக்கும் 'மீட்' அதன் தூரத்து உறவு. கிரேக்கத்தில் மதுவைக் குறிக்கும் 'மெத்து'வும் அந்தக் குடும்பமே. அதிலிருந்துதான் 'அமெதிஸ்ட்' என்று செவ்வந்திக் கல்லுக்குப் பெயர் வந்தது: வெறியேறாதது என்று பொருள். சீமாட்டிகள் அதை விரலிலேயே அணிகிறார்கள்.

நம்மவர் கூச்சத்திலும் ஒரு பாரபட்சம் உண்டு. அதுதான் என்னைக் கோபமூட்டுகிறது. பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் பெண்கள் ஊட்ட அவன் உண்டு வாழ வேண்டுமென்று வாழ்த்துகிறார். இந்த இடம் வந்துவிட்டால் எந்தப் பேச்சாளரும் தேன் என்பதில்லை. 'ரோமாபுரித் திராட்சை மது!' என்று மார்பை நிமிர்த்துகிறார். அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது வெளிப்பட்ட மதுச் சாடிகளைச் சாட்சிக்கு அழைக்கிறார். எங்கள் மாவட்டத்துக் கருக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளையும் விட்டுவைப்பதில்லை. அந்தப் பெருமைகளில் எனக்கும் பங்குண்டு. காசுகள் எங்கள் மண்ணில் கிடைத்தவையாயிற்றே. ஆனால் கப்பலில் வந்தால் நாகரிகம், பனையிலிருந்து இறங்கினால் இழுக்கு என்பது என்ன நியாயம்? எங்கள் ஊர்ப் பக்கத்திலுள்ள பழங்கோட்டைக்குப் பொற்பனைக்கோட்டை என்று பெயர். 2021இல் அங்கே அகழாய்வு தொடங்கியதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். பனையைப் பொன் என்று ஊருக்கே பெயர் வைத்த இடத்தில், பனையில் வடிந்த சொல்லுக்கு முக்காடு போடச் சொல்கிறார்கள்.

கள்ளைத் தேனாக்கினால் பாவம் கழிந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஒருநாள் சித்தன்னவாசல் குன்றின்மேல் ஏறிப் பார்க்கட்டும். அங்கே கற்படுக்கைகளில் நோன்பிருந்தவர்கள் சமணத் துறவிகள். கள்ளையும் ஊனையும் விலக்கிய அவர்கள் தேனையும் விலக்கியவர்கள். பேராசிரியரின் திருத்தம் அவர்களிடம் செல்லாது. ஔவையின் துயரத்துக்கும் அது உதவாது. கொஞ்சமே கிடைத்த கள்ளைத் தான் உண்ணாமல் பாட வந்தவளுக்குக் கொடுத்துவிட்ட அரசன் போய்விட்டான் என்று ஒருத்தி அழுகிறாள். அரசனும் பாடினியும் ஒரே சாடியைச் சுற்றி உட்கார்ந்த தோழமை அங்கே செத்துக் கிடக்கிறது. தேன் என்று மாற்றினால் மிஞ்சுவது ஒரு பட்சணப் பங்கீடு.

கள்ளுக்கடையைத் திறக்கச் சொல்கிறேன் என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம். நான் குடிப்பவனல்ல, குடியால் விளக்கணைந்த வீடுகளைக் கதைகளிலும் எழுதியிருக்கிறேன், நேரிலும் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. அதே அரசின் நிறுவனம் 2003 முதல் தெருமுனைக் கடைகளில் பிராந்தியும் விஸ்கியும் விற்கிறது. அவற்றுக்குச் சட்டப்படியான பெயர் 'இந்தியாவில் தயாரிக்கப்படும் அயல்நாட்டு மது'. நக்கீரர் காலத்து யவனன் போகவே இல்லை போலிருக்கிறது! சட்டத்தின் நியாய அநியாயத்தை வாதாட வேறு பேர் இருக்கிறார்கள். என் கவலை சொற்களைப் பற்றியது.

காலையும் மாலையும் மரமேறி, பாளையை இடுக்கியால் நெரித்து, அரிவாளால் மெல்லிசாகச் சீவிக் கலயத்தைக் கட்டி வருபவரிடம் ஒரு முழு மொழி இருக்கிறது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசினால் பதநீர். பூசாவிட்டால் சில மணி நேரத்தில் பொங்கிக் கள். இந்த நுணுக்கம் எந்தக் கல்லூரியிலும் பாடமாக இல்லை. அவர் பிள்ளைகள் மரமேறவில்லை. ஏற வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தொழிலின் மொழியில் நாம் எடுத்துக்கொண்டது எதை, விட்டது எதை? களிப்பையும் மகிழ்ச்சியையும் தெளிவையும் எடுத்துப் பட்டுத்துணி போர்த்தி மேடையில் வைத்துக்கொண்டோம். பன்னாடையை மட்டும் அவர் தலைமுறைக்கே திருப்பியடித்தோம். சாரத்தை விட்டுச் சக்கையைப் பிடித்துக்கொள்வதைத்தான் நன்னூலார் கடிந்தார். அவருடைய உவமை யாருக்குப் பொருந்துகிறது என்பதைப் பாட நூலுக்கு உரை எழுதுகிறவர்களே கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொள்ளட்டும்.

அவர்களிடம் நான் கேட்பது பெரிய உதவி இல்லை. அடுத்த பதிப்பு அச்சேறும்போது ஔவையின் பாட்டுக்கு எழுதிய பொழிப்புரையில், 'தேன்' என்று இருக்குமிடத்தில் அச்சுக்கோப்பவரிடம் சொல்லி இரண்டெழுத்தை எடுத்துவிட்டு வேறு இரண்டெழுத்தைப் போடச் சொல்லட்டும்: கள்.