பவளம் ஓர் உயிர்

பவளத்தை அணிகலனாகவும் உவமையாகவும் மட்டுமே கண்டு பழகிய இலக்கிய வாசகருக்கு, அது ஒரு விலங்கின் படைப்பு என்பது சற்று வியப்பளிக்கக்கூடும். சங்கப் பாடல்கள் துகிர் எனக் குறிப்பது செந்நிறக் கூட்டை மட்டுமே. மத்தியதரைக் கடலில் அத்தகைய செம்பவளத்தை உருவாக்கும் நுண்ணிய பாலிப்பு ஒவ்வொன்றுக்கும் எட்டு உணர்கொம்புகள் உண்டு. இன்று வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் அசைந்தாடும் மென்பவளங்கள் பலவும் அதே எட்டுக்கொம்பு இனத்தைச் சேர்ந்தவைதாம். ஆனால் நாம் அவற்றையும் அணிகலனாகவே நடத்துகிறோம் என்பதுதான் என் குறை.

‘புதிதாகத் தொடங்குவோருக்குச் சிறிய தொட்டியே எளிது’ என்றொரு கருத்து பரவலாக உள்ளது. செலவும் இடமும் குறைவு என்பது உண்மையே. எனினும் பாலிப்பின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு மாறுகிறது. 40 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருப்பதாகக் கொள்வோம். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு அப்படியே தங்கும். இரண்டு லிட்டர் நீர் ஆவியானால் உப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 37 கிராமாகிவிடும். 400 லிட்டர் தொட்டியில் அதே இரண்டு லிட்டர் குறைந்தால் மாற்றம் கால் கிராமுக்கும் கீழே. வெப்பத்தின் கதையும் இதுவே. பாலிப்பின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு உணவு சமைத்து அதற்கு ஊட்டுகின்றன. நீர் மிகையாகச் சூடேறினால் அந்த உறவு முறிந்து பவளம் வெளிறுகிறது. கோடையில் மின்விசிறி நின்றுபோன அறையில் சிறிய தொட்டி எவ்வளவு விரைவில் சூடேறும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே சிறிய தொட்டிக்கு வேண்டியது மாறாத ஒழுங்கு. ஆவியான அளவுக்கு நாள்தோறும் உப்பற்ற தூயநீரை ஊற்ற வேண்டும். குளோரினும் செம்பும் கலந்திருக்கக்கூடிய குழாய்நீர் ஆகாது. வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை, அதே உப்பளவும் வெப்பமும் கொண்ட புதுநீரால் மாற்றலாம். லெதர் கோரல் எனப்படும் மென்பவளம் அண்டை உயிர்களை ஒடுக்கும் வேதிப்பொருள்களை நீரில் கசியவிடுவதால், வடிகட்டியில் கரித்தூள் இருப்பது நல்லது.

இவற்றைவிடக் கடினமானது பொறுமை. லெதர் கோரல் சில வேளைகளில் கொம்புகளை உள்ளிழுத்து, மெழுகு பூசியதுபோல் நாள்கணக்கில் மூடிக்கிடக்கும். பின்னர் அந்த மேற்படலத்தை உரித்துவிட்டு மலரும். அது தன்னைத் தூய்மை செய்துகொள்ளும் முறை. ‘காசு கொடுத்தோம், மலரவில்லையே’ என்று பதறி இடம் மாற்றுவதும் மருந்து ஊற்றுவதும்தான் அதற்குத் தீங்காகின்றன. அணிகலன் எப்போதும் ஒளிர வேண்டும். உயிருக்கு ஓய்வு உண்டு.

அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் இதில் அடங்கும். மென்பவளத்தின் வெட்டிய சிறு துண்டு கல்லில் ஒட்டி முழு உயிராக வளரும். தொட்டியிலேயே இவ்வாறு பெருக்கியதை வாங்க வழியிருக்கையில் கடலிலிருந்து பெயர்த்ததை வாங்குவதற்கு நியாயமில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. வன்பவளங்களும் கடல்விசிறிகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன.

அப்படியானால் வளர்க்கவே கூடாதா என்று நண்பர்கள் கேட்கலாம். அவ்வளவு தூரம் நான் செல்லவில்லை. ஊருக்குப் போகும் பத்து நாளில் அந்தத் தொட்டிக்கு யார் நீர் ஊற்றுவார் என்ற கேள்விக்கு விடை வைத்திருப்பவர் தாராளமாக வளர்க்கட்டும். விடை இல்லாதவருக்குத் துகிர் பாடலிலேயே இருக்கட்டும் என்பது என் கருத்து.